ஒன்றரை மணி பஸ்

குளியலறைக் கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி உண்டு. அதன் வழியாக முதலில் ஒரு பிஸ்கட் வந்தது. ஷர்மிளா பார்க்காதது போல் இருந்தாள். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, மடியில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வாக்கியத்தின் பாதியில் இருந்தாள் அவள். அடுத்து ஒரு சிவப்பு கிரேயான் உருண்டு வந்தது. பிறகு யாருடைய கல்யாணப் பத்திரிகையோ, பிறகு ஒரு சீப்பு, பிறகு கணவன் ஃபெலிக்ஸின் சாக்ஸ் ஒன்று. கடைசியில் நான்கு சின்ன விரல்கள் உள்ளே நுழைந்து தரையில் தாளம் போட்டன.

"மம்மி, அந்தர் க்யா கர்ரே?" உள்ளே என்ன செய்கிறாய் என்று கதவு இந்தியில் கேட்டது.

"வயிறு சரியில்லட்டி. இந்தா வந்துருதேன்."

"நேனு கூடா வஸ்தா" என்று கதவு தெலுங்கில் பதில் சொன்னது. தானும் உள்ளே வருவதாக.

ஷர்மிளா நோட்டை மூடினாள். பாதி வாக்கியத்தின் மீதிப் பாதி எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜோவிதாவுக்கு நாலரை வயது. வீட்டில் தூத்துக்குடித் தமிழைக் கேட்டு வளர்கிறவள்தான், சொல்வதெல்லாம் புரியும். ஆனால் வாயைத் திறந்தால் எதிர்வீட்டுத் தெலுங்கும் நர்சரி ஆயாவின் இந்தியும்தான் வரும். செகந்திராபாத்தை ஒட்டிய சைனிக்புரியில் குடியேறி ஐந்து வருடமாகியும் ஷர்மிளாவுக்கு இரண்டுமே காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் வசப்பட்டிருந்தன. காலையில் ஃபெலிக்ஸ் மாதாப்பூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனால் இருட்டியபிறகுதான் வருவான். நர்சரி பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிடும். மிச்சப் பகல் முழுவதும் தாயும் மகளும்தான்.

கல்யாணத்துக்கு முன்பு ஷர்மிளா மூன்று கதைகள் எழுதியிருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து வரும் ஒரு சிற்றிதழ் மூன்றையும் போட்டது. அதன் ஆசிரியர் உமாசங்கர் அக்டோபரில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். 'உங்களைப் படித்து ஐந்து வருடம் ஆகிறது. பொங்கல் இதழுக்கு ஒரு கதை வேண்டும். நவம்பர் இருபத்தைந்துக்குள்.' அவ்வளவுதான். அந்த மூன்று வரியை அவள் ஒரு வாரம் தினமும் திறந்து படித்தாள்.

அதே வாரம்தான் ஃபெலிக்ஸின் நண்பன் மூலம் ஒரு கம்பெனியில் வேலையும் உறுதியாயிற்று. டிசம்பர் மூன்றாம் தேதி சேரவேண்டும். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஜோவிதாவுக்குப் பகல் காப்பகம். வேலை அவள் விரும்பிக் கேட்டதுதான்; அதில் வருத்தம் இல்லை. ஆனால் சேர்வதற்குள் இந்தக் கதையை முடிக்காவிட்டால் இனி ஒருபோதும் எழுதப்போவதில்லை என்று அவள் மனசுக்குள் ஒரு கோடு விழுந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஃபெலிக்ஸ் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் எழுதலாம்ட்டி" என்பான். அந்தச் சமாதானம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தாள். பேனா மூடியைக் கழற்றுகிற சத்தத்துக்கு ஜோவிதா எழுந்து வந்து மடியில் உட்கார்ந்தாள். குக்கர் விசிலுக்கு அசையாத பிள்ளை அது. டிவியில் கார்ட்டூன் போட்டுவிட்டாள். மம்மியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் பார்ப்பேன் என்றது. ஞாயிற்றுக்கிழமை ஃபெலிக்ஸ் பிள்ளையைப் பார்க்குக்குத் தூக்கிப் போனான். இருபது நிமிடத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள். "ஊஞ்சல்ல ஆடிட்டா, சறுக்கிட்டா, ஒன்னைக் கேக்கா" என்றான் வாசலில் நின்று, ஏதோ தான் தப்பு செய்த மாதிரி. குளியலறை அதற்கடுத்த திட்டம். அதுவும் ஐந்தாம் நாளே பிஸ்கட்டும் சாக்ஸுமாக முடிந்துபோனது.

வழி கிடைத்தது தற்செயலாகத்தான். நர்சரிக்கு ஷூ வாங்க ஒருநாள் சாப்பிட்ட கையோடு செகந்திராபாத் போனார்கள். ஒன்றரை மணி பஸ்ஸில் கூட்டமே இல்லை. முன்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்த ஜோவிதா, கம்பியில் மோவாயை வைத்ததுதான் தெரியும், பேச்சே இல்லை. நேரேட்மெட் தாண்டி, மல்காஜ்கிரி தாண்டி, ஸ்டேஷன் வரைக்கும் ஒரு கேள்வி இல்லை. எருமை, லாரி, கூரையில் கட்டில் கட்டிய ஆட்டோ எல்லாவற்றையும் வாய்க்குள் பெயர் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தது. ஷர்மிளா கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்தைந்து நிமிடம். மகள் பிறந்ததிலிருந்து விழித்திருக்கும்போது நாற்பத்தைந்து நிமிடம் அவளுக்குச் சேர்ந்தாற்போல் கிடைத்ததே இல்லை.

மறுநாள் செகந்திராபாத்தில் ஒரு வேலையும் இல்லாமல் பஸ் ஏறினாள். பையில் தண்ணீர், முறுக்கு, நோட்டு. ஸ்டேஷன் வரை போய், அங்கே இறங்கி ஒரு டீ, பிள்ளைக்கு ஒரு சமோசா, அதே பஸ்ஸில் திரும்புதல். எழுத்து குலுங்கிக் குலுங்கி, வேகத்தடை வந்த இடமெல்லாம் நோட்டில் கோடு இழுத்துக்கொண்டு விழுந்தது. ஆனால் முதல் நாள் ஒன்றரைப் பக்கம். அடுத்த நாள் இரண்டு.

மூன்றாம் நாளிலிருந்து பஸ்ஸில் ஒரு மாற்றம் தெரிந்தது. டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒழுங்காக ஓரங்கட்டி நிறுத்தினார். ஓடிவருகிறவர்களுக்காகக் காத்திருந்தார். காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்த கண்டக்டரம்மா, கிழவர்களைக் கைபிடித்து ஏற்றிவிட்டாள். ஷர்மிளாவுக்கு இந்த ஊர் பஸ் இவ்வளவு மரியாதையானது என்று அதுவரை தெரியாது. ஆறாம் நாள் கண்டக்டரம்மா அவள் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, மெல்லக் கேட்டாள்.

"மேடம், மீரு செக்கிங்கா?"

ஷர்மிளாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. தினமும் ஏறுகிறாள், எங்கும் போவதில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறாள், நோட்டில் எழுதுகிறாள். மேலிடத்திலிருந்து வந்த ஆள் என்று டிரைவரும் கண்டக்டரும் ஒரு வாரமாகப் பயந்து செத்திருக்கிறார்கள். அவள் தெலுங்கைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஜோவிதா ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"காது ஆன்ட்டி. மா மம்மி கத ராஸ்துந்தி." இல்லை, எங்கள் மம்மி கதை எழுதுகிறாள் என்று.

"கதையா!" கண்டக்டரம்மா டிரைவரைப் பார்த்துக் கத்தினாள். டிரைவர் அடுத்த நிறுத்தத்தில் நிறுத்தவே இல்லை. நிம்மதியில் விரட்டி ஓட்டினார்.

கண்டக்டரம்மாவின் பெயர் யாதம்மா. இப்போது அவளுக்குப் பயம் போய் வேறொன்று பிடித்துக்கொண்டது. என்ன கதை, யாருடைய கதை, இன்றைக்கு எதுவரை வந்திருக்கிறது என்று டிக்கெட் கிழித்து முடித்ததும் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஷர்மிளா தமிழில் சொல்வாள். ஜோவிதா தெலுங்கில் சொல்லுவாள். கதை இதுதான்: ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருக்கிற அக்கா, தங்கை. பதினோரு வருடமாகப் பேச்சில்லை. தினமும் ராத்திரி அக்கா இருமுவது சுவர் வழியே தங்கைக்குக் கேட்கும். ஒருநாள் அந்த இருமல் கேட்கவில்லை. அதற்கு மேல் எழுத வராமல் ஷர்மிளா நான்கு வருடமாக அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஜோவிதாவின் மொழிபெயர்ப்பில் தங்கை உடனே எழுந்து போய் அக்காவுக்கு இருமல் மருந்து ஊற்றினாள், ஒரு மூடி அளவு, ஆரஞ்சு வாசனையில். யாதம்மா நாக்கைச் சப்புக்கொட்டி, "பாவம்" என்றாள்.

"அப்பிடி இல்லட்டி, நான் அதச் சொல்லலயே" என்றாள் ஷர்மிளா.

"மம்மி, அக்காக்கு தக்கு" என்று ஜோவிதா பொறுமையாக விளக்கினாள். இருமுகிறவளுக்கு மருந்து கொடுக்காமல் வேறென்ன செய்வார்களாம்.

இதற்கிடையில் ஒரு வாரம் ஜோவிதாவுக்குக் காய்ச்சல் வந்தது. பஸ் இல்லை, எழுத்து இல்லை. நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, பிள்ளையின் வெந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு, கதையை நினைக்கவே கூடாது என்று ஷர்மிளா இருந்தாள், அப்படியும் நினைத்தாள், நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. ஜோவிதா ரசம் சாதத்தை வழித்துத் தின்றுவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, பஸ் எப்போது என்பதுதான். யாதம்மா அவர்களைப் பார்த்ததும் கோபித்துக்கொண்டாள். ஒரு வாரம் அந்தத் தங்கையை அப்படியே சுவரோரம் நிற்க வைத்துவிட்டுப் போகலாமா?

வெள்ளிக்கிழமை, இருபத்து மூன்றாம் தேதி. ஃபெலிக்ஸ் சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தான். அவள் கையெழுத்து அவனுக்கு மட்டும்தான் புரியும். ஆகவே இன்று முடித்தே ஆகவேண்டும். போகும்போது ஒரு வரிகூட வரவில்லை. ஸ்டேஷனில் டீ ஆறிப்போனது. திரும்பும்போது மல்காஜ்கிரி பக்கத்தில் ஜோவிதா கண்ணைக் கசக்கிக்கொண்டு மடியில் சாய்ந்தாள். சாய்ந்த நிமிடம் தூங்கிப்போனாள். ஷர்மிளா பிள்ளையின் முதுகின் மேல் நோட்டை வைத்துக்கொண்டாள். மூச்சு விடும்போதெல்லாம் நோட்டு கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது.

தங்கை எழுந்தாள். வாசலுக்கு வந்தாள். செருப்புப் போடவில்லை. பதினோரு வருடமாகப் பத்தடி தூரத்தில் இருந்த கதவு. ஷர்மிளா எழுதிக்கொண்டே போனாள். யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள், ஹாரன் அடித்தது, விசில் ஊதியது. எதுவும் அவளுக்குள் போகவில்லை. கதவைத் தட்டினாள் தங்கை. கதவு திறந்தது. அக்கா அவளைப் பார்த்ததும் அழுதாள். ஷர்மிளா முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

பஸ் நின்றிருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. வெளியே வரிசையாக இன்னும் இருபது பஸ்கள். எண்ணெய் வாசனை. யாரோ ஒருவர் டயரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் யாதம்மா உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"சைனிக்புரி?" என்றாள் ஷர்மிளா பதறி.

"அது போயி அரை மணி ஆச்சு" என்றாள் யாதம்மா தெலுங்கில். "இறங்கச் சொல்லலாம்னுதான் வந்தேன். உன் கை ஓடிக்கிட்டே இருந்தது. சரின்னு டிப்போவுக்கே கூட்டிட்டு வந்துட்டோம். ஆயிடுச்சா?"

ஆயிற்று என்று ஷர்மிளா தலையாட்டினாள். அப்படியானால் சொல்லு என்றாள் யாதம்மா. மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். டிரைவரும் வந்து ஜன்னலில் கைவைத்து நின்றுகொண்டார். வேறு வழியில்லாமல் ஷர்மிளா தானே சொன்னாள். தெரிந்த தெலுங்கில், தெரியாத இடத்தில் இந்தியில், இரண்டும் வராத இடத்தில் கையால் காற்றைத் தட்டிக் கதவைக் காட்டி.

யாதம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"அழ மாட்டா" என்றாள்.

"ஏன்?"

"பதினோரு வருஷம்! கதவைத் திறந்ததும் அழுவாளா? முதல்ல திட்டுவா. எனக்கு ஜனகாமாவில ஒரு அக்கா இருக்கா, எனக்குத் தெரியாதா? இப்பத்தான் வழி தெரிஞ்சுதாடின்னு கேப்பா. வாசல்லயே நிக்க வெச்சுக் கேப்பா."

"அழுவா" என்றார் டிரைவர். "உடம்பு சரியில்லாதவ."

"உடம்பு சரியில்லாதவதான் இன்னும் நல்லாத் திட்டுவா."

இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டார்கள். டயர் தட்டுகிறவர் சுத்தியலோடு வந்து என்ன விஷயம் என்று விசாரித்து, அவரும் ஒரு பக்கம் சேர்ந்தார். ஷர்மிளா ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் எழுதிய இரண்டு பெண்களுக்காக மூன்று பேர் ஒரு டிப்போவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

பையில் செல்போன் அடித்தது. ஃபெலிக்ஸ்.

"எங்கட்டி இருக்க? லேண்ட்லைன் அடிச்சிக்கிட்டே இருக்கு."

"டிப்போல."

"எந்த டிப்போல?"

"பஸ் டிப்போலங்க. நல்லாத்தான் இருக்கோம்."

"கத முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு. இல்ல, முடியல. கண்டக்டரம்மாக்குப் புடிக்கல. நாளைக்கு முத பக்கத்துலருந்து அடிக்க ஆரம்பிங்க, கடேசிய நான் தாரேன்."

நாலேகாலுக்கு வெளியே கிளம்பும் பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிடுவதாக யாதம்மா சொன்னாள். அதற்குள் இந்த வண்டியைக் கழுவியாக வேண்டும். அவள் இறங்கிப் போய் ஜன்னல்களை வெளியிலிருந்து ஒவ்வொன்றாகச் சாத்தினாள். ஷர்மிளா இறங்க எழுந்தபோது, வேண்டாம் உட்கார் என்று கையைக் காட்டினாள்.

முதல் தண்ணீர் கண்ணாடியில் அறைந்த சத்தத்துக்கு ஜோவிதா திடுக்கிட்டு எழுந்தாள். பஸ்ஸின் இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்தது. கூரை முழுக்கக் கொட்டியது. வெளியே நின்ற பஸ்களெல்லாம் கரைந்து சிவப்பும் வெள்ளையுமாக ஓடின. சாயங்கால வெயில் அதற்குள் புகுந்து இருக்கைகளின் மேல் நெளிந்தது. ஜோவிதா ஒரு ஜன்னலுக்கு ஓடினாள், எதிர் ஜன்னலுக்கு ஓடினாள், நடுவில் நின்று இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினாள்.

"மம்மி! மழ! நம்ம பஸ்ஸுக்கு மட்டும் மழ!"

தமிழில் சொன்னாள். ஷர்மிளா நிமிர்ந்து பார்த்தாள், சிரித்தாள், பேனாவை எடுத்துக் கதையின் கடைசி இரண்டு வரியை அடித்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள். கால் மாற்றிக் கால் குதித்துக்கொண்டு காலி பஸ்ஸின் நீளத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தாள் மகள். அந்த ஓட்டத்தில் வண்டி முழுவதும் லேசாக ஆடியது.