சுஜிதாவுக்கு ஒரு குரல்

சுஜிதாவுக்கும் சேர்த்து நீயே டப்பிங் பேசிவிடு என்று அபி கேட்டபோது முத்துவடிவு மறுபேச்சு பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்திருந்தாள்.

அபி தென்காசிக்காரி. சென்னையில் உதவி இயக்குநராக அலைந்து சலித்து, ஊருக்கே திரும்பி வந்து சொந்தமாக ஒரு படம் எடுத்தாள். பெரிய நடிகர் கிடையாது, கேரவன் கிடையாது. மொத்த ஆட்களும் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். ப்ளஸ் டூ படிக்கும் மல்லி, ராணி என்ற இரண்டு பெண்கள், தங்களுக்குள் இருப்பது வெறும் சிநேகிதம் இல்லை என்று ஒரு சாரல் காலத்தில் கண்டுகொள்வதுதான் கதை. முத்துவடிவு மல்லியாக நடித்தாள், சுஜிதா ராணியாக. நிஜத்தில் இருவரும் கல்லூரியில் இரண்டாம் வருஷம், பத்தொன்பது முடிந்தவர்கள். அவர்கள் வீடுகளில், ரெண்டு பிள்ளைகளோட நட்பைப் பத்தின படம் என்று அபி சொல்லியிருந்தாள். அது பொய்யில்லை என்பது அபியின் கட்சி.

வடிவுக்கு ஊர் சுந்தரபாண்டியபுரம். சூரியகாந்தி பூத்தால் சினிமாக்காரர்கள் வந்து பாட்டு எடுப்பார்கள். அவள் அப்பாவின் வயலை மிதித்துப் பாழாக்கிவிட்டும் போயிருக்கிறார்கள். அதனால் காமிராவைக் கண்டு அவளுக்கு மிரட்சி இல்லை. வந்த தொந்தரவு வேறு. ஒரு காட்சியில் சுஜிதா அவளுடைய ஈரத் தலையைத் துவட்டிவிட வேண்டும். “கட்” என்றதும் சுஜிதா துண்டை அவள் மூஞ்சியில் எறிந்துவிட்டு, டீ எங்கே என்று கேட்டுக்கொண்டு ஓடிவிடுவாள். வடிவுக்கு அதற்கப்புறமும் நெஞ்சு நிதானத்துக்கு வராது. இவளுக்கு நடிப்பு இவ்வளவு லேசாக வருகிறதே, நமக்கு மட்டும் ஏன் இப்படி என்று வேன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தனக்கு என்னவென்று தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே தெரியும். அதை ஒத்துக்கொள்ளத்தான் பயம்.

படப்பிடிப்பு முடியும் தறுவாயில் சுஜிதா மாறிப்போனாள். வேனில் பின்சீட்டுக்குப் போய்விட்டாள். கேட்டால் தலைவலி என்றாள். அந்த வாரமே யாரோ ஒருவன் செல்போனில் எடுத்த போட்டோ, இருவரும் ஒரே துண்டுக்குள் நனைந்துகொண்டு நிற்பது, தென்காசி முழுக்கச் சுற்றி சுஜிதாவின் அண்ணன் பிரின்ஸிடம் போய்ச் சேர்ந்தது. மறுநாளிலிருந்து சுஜிதா வரவில்லை. மிச்சமிருந்த காட்சிகளை அபி அவள் இல்லாமலே ஒப்பேற்றினாள். தை மாதம் சிவகிரியில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவரோடு சர்ச்சில் அவளுக்குக் கல்யாணம். வடிவுக்குச் சொல்லவில்லை. போன் நம்பரும் மாறிவிட்டது. நம்மைப் பிடிக்காமல்தான் போய்விட்டாள் என்று வடிவு முடிவுகட்டி வைத்திருந்தாள்.

டப்பிங், ரத வீதியில் ஓர் அரிசிக் கடையின் மாடியில் நடந்தது. சவுண்டு பார்க்கும் முகம்மது சலீம் சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தி, ஜன்னலைப் போர்வையால் அடைத்திருந்தான். பேசும்போது ஃபேனை நிறுத்த வேண்டும். வேர்வை வழிய வழிய வடிவு முதலில் தன் பாகத்தைப் பேசினாள். பிறகு சுஜிதாவின் பாகம். சுஜிதா வார்த்தையைக் கொஞ்சம் இழுத்து, கடைசியில் சட்டென்று வெட்டிவிடுவாள். வடிவு அப்படியே பேசியதும் சலீம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

“அச்சு அசலா சுஜிதால்லா இது!”

ஓடைக் காட்சி மட்டும் ஒட்டவே இல்லை. சுஜிதா மாறிப்போவதற்கு முந்தின நாள், பழைய குற்றாலத்து அருவிக்குக் கீழே, பாறையில் உட்கார்ந்து எடுத்தது. அன்றைக்கு நல்ல தண்ணீர். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. எழுதியிருந்த வசனம், “மல்லி, போவோமா? அம்மை தேடும்” என்பது. அதற்கு மல்லி சிரித்துவிட்டு, எழுந்து கரைக்குப் போக வேண்டும். வடிவு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

“மல்லின்னா எடுப்புலயே உதடு மூடணும். இவ மூடலயே, கீழுதட்டைல்லா கடிக்கா” என்றான் சலீம். “வசனத்தை மாத்திச் சொல்லிட்டாளோ?”

அந்தத் துண்டை மட்டும் மறுபடி மறுபடி ஓடவிட்டான். வடிவு திரைக்குக் கிட்டே போய் நின்றாள். சுஜிதாவின் முகம் முழுக்கத் தண்ணீர்த் திவலை. கீழுதட்டைப் பல் தொட்டு விலகுகிறது. நாக்கு மேலே போகிறது. பிறகு ஒரே ஒரு இடத்தில் உதடு அழுத்தமாக மூடித் திறக்கிறது. வடிவு அவளோடு சேர்ந்து வாயை அசைத்துப் பார்த்தாள். சத்தம் வராமல் அவள் வாய்க்குள்ளேயே அந்த வார்த்தைகள் வந்து உட்கார்ந்தன.

வடிவு, இது நடிப்பில்லட்டி.

அதற்குப் பதில் சொல்வதுபோலத் திரையில் வடிவு சிரித்தாள். சிரித்துவிட்டு, எழுந்து, திரும்பிப் பார்க்காமல் கரைக்குப் போனாள்.

“அவ என்ன சொல்லுதான்னு தெரியுதா?” என்று பின்னாலிருந்து அபி கேட்டாள்.

“தெரியலக்கா” என்றாள் வடிவு. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவள், மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள், “வழிய விடு பிள்ள” என்று சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவகிரிக்குப் பஸ் ஏறினாள். கடையநல்லூர் தாண்டி, புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை ஏற்றும் லாரிகள் வழியை மறித்து நிற்க, பஸ் வெகுநேரம் கிடந்தது. போய் என்ன சொல்வது என்று அவளுக்கே தெரியவில்லை. சிவகிரியில் மெடிக்கல் ஷாப்புக்காரர் வீடு என்று கேட்டு விசாரித்துப் போய்ச் சேர்ந்தாள்.

சுஜிதாதான் கதவைத் திறந்தாள். முழுகாமல் இருந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. வடிவைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, “அத்தை, காலேஜ்ல எங்கூடப் படிச்ச பிள்ள வந்திருக்கு” என்றாள். மாமியார் காப்பி கொடுத்தார், மிக்சர் வைத்தார், எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்றெல்லாம் விசாரித்தார். நல்ல மனுஷி. எழுந்துபோகத்தான் இல்லை. மசக்கை, டாக்டர், வெயில் என்று பேச்சு ஓடியது. கொடியில் காய்ந்த துணியை எடுக்கிறேன் என்று சுஜிதா மொட்டைமாடிக்குக் கூட்டிப் போன பிறகுதான் வடிவுக்கு வாய் வந்தது.

“அன்னைக்கி ஓடையில நீ சொன்னது எனக்குக் கேக்கலட்டி. தண்ணிச் சத்தம். இப்ப டப்பிங்லதான் பாத்தேன்.”

சுஜிதா கொடியிலிருந்த சட்டையைப் பிடித்தபடி நின்றாள்.

“கேக்கலயா? அப்பம் ஏன் சிரிச்ச?”

“சிரிக்கணும்னு ஸ்கிரிப்ட்ல இருந்துச்சு.”

சுஜிதா அழுவாள் என்று நினைத்தாள் வடிவு. அவள் அழவில்லை. சட்டையை உருவி மடித்தாள், இன்னொன்றை எடுத்து மடித்தாள்.

“வீட்டுல கேட்டாவ, அந்தப் பிள்ளைக்கும் இப்படித்தானான்னு. அவளுக்கு அப்படில்லாம் ஒண்ணுமில்ல, என்னையப் பாத்துச் சிரிச்சிட்டுப் போயிட்டான்னு சொன்னேன். மறுவாரமே மாப்பிள்ளை பாக்க வந்தாவ. சரின்னுட்டேன்.”

“எனக்கும்தாம்ட்டி...” என்று வடிவு ஆரம்பித்தாள்.

“சொல்லாத.” சுஜிதா குரலைத் தாழ்த்தினாள். “இப்பச் சொல்லாத. நான் எங்கன கொண்டு வைக்கட்டும் அத? எங்க வீட்டுக்காரவுக நல்லவுகதான். ஒரு சொல்லு சொன்னதில்ல.” மடித்த துணியை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, “படத்துல அது வருதா?” என்று கேட்டாள். “நீ கண்டுபிடிச்ச மாதிரி இன்னொருத்தரும் கண்டுபிடிப்பாவ. எடுத்துரச் சொல்லு வடிவு. எனக்கு இத ஒண்ண மட்டும் செய்யி.”

கீழேயிருந்து மாமியார் கூப்பிட்டார். சுஜிதா முதலில் இறங்கினாள். வாசல்வரை வந்து, “பாத்துப் போ” என்றாள்.

அபி லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. படத்திலேயே அவளுக்கு மிகவும் பிடித்த ஷாட் அதுதான். “வாயசைவ யாரு உத்துப் பாக்கப் போறா? தண்ணிச் சத்தத்த மட்டும் போட்டுட்டுப் போவோம்” என்றாள். காரணம் கேட்டாள். கோபப்பட்டாள். கடைசியில் வடிவு, “அவ ராணியாப் பேசலக்கா. எங்கிட்டப் பேசியிருக்கா. நானும் மல்லியா இருக்கல” என்று சொல்லிவிட்டாள். அவள் அதை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அபி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். பிறகு சுஜிதாவின் முகத்தை வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் வடிவின் முகத்தை வைத்தாள். அவள் கேட்பதும் சிரிப்பதும் மட்டும் படத்தில் நின்றன.

திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன விழாவில் படத்தைப் போட்டார்கள். வடிவு போகவில்லை. ஓடைக் காட்சியில் அந்தப் பிள்ளையின் சிரிப்பு எவ்வளவு இயல்பு என்று எல்லோரும் சொன்னதாக அபி போனில் சொன்னாள். வடிவு உம் கொட்டினாள்.

ஆவணியில் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பட்டாளத்தில். அம்மா ரெங்கம்மாள் அடுப்படியில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

“வேண்டாம்மா” என்றாள் வடிவு.

“படிப்பு முடியட்டும்னுதான் அவுகளும் சொல்லுதாவ.”

“படிப்பு முடிஞ்சாலும் வேண்டாம். எனக்கு மாப்பிள்ளையே வேண்டாம்மா.”

ரெங்கம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. கரைத்த புளியையே மறுபடி மறுபடி கரைத்தாள்.

“அந்தச் சினிமா போட்டோ எனக்கும் வந்திச்சி. உங்க அப்பா கண்ணுல படாம அழிச்சேன்” என்றாள். சற்றுப் பொறுத்து, “அந்தச் சினிமால நடிச்சதுனாலயா இப்படி?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. அதுக்கு முன்னாலயே.”

அம்மா கையைக் கழுவினாள். போனை எடுத்துத் தரகரைக் கூப்பிட்டு, “பிள்ள மேல படிக்கணும்ங்கா அண்ணாச்சி, இப்பம் வேண்டாம்” என்று சாதாரணமாகத்தான் பேசினாள். பேசி முடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

வடிவு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. குழம்பு பாதியில் கிடந்தது.