யோகாக்கா இயர்போன் சேனல்

யோகலட்சுமி ஒரு இயர்போனைக் கையில் எடுத்தால் முதலில் காதில் வைக்க மாட்டாள். ஒயரும் போனில் சொருகுகிற பின்னும் சேருகிற கழுத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் வளைப்பாள். ரப்பர் மூடியைக் கழற்றி நகத்தால் சுரண்டுவாள். "கழுத்து லொடலொடன்னு கீது, ஒரு மாசம் தாங்காது" என்று போன் கேமராவைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வாள். அதற்கப்புறம்தான் பாட்டு. நாற்பத்தெட்டு வயசுப் பொம்பளைக்கு யூடியூபில் இதென்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள், சண்டைக்கு வருவாள். ஆர்.கே.பேட்டையில் இருபது வருஷம் விசைத்தறி ஓட்டியவள் அவள். அந்த இரைச்சலுக்குள்ளே பாட்டுக் கேட்க மலிவு இயர்போனாக வாங்கி வாங்கி, எது உழைக்கும் எது பல்லிளிக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி.

புருஷன் போய்ச் சேர்ந்தான். மகள் தமயந்தி கல்யாணமாகி பெங்களூருக்குப் போனாள். தோள்பட்டை வலி வந்து தறியையும் விட வைத்தது. இப்போது திருத்தணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மொபைல் கடையில் வேலை, மலைக்குப் போகிற ரோட்டில் ஒற்றை அறை. கிருத்திகை வந்தால் காவடியும் அரோகராவுமாகத் தெரு நிரம்பி வழியும். அன்றைக்கும் அவளிடம் "சார்ஜர் என்ன விலை" என்பதைத் தாண்டி யாரும் பேசினதில்லை. மகளோ, "சாப்ட்டியாம்மா? சரி, வெச்சிடறேன்" என்பாள். தனிமை என்று அழகாகப் பேர் வைத்துக்கொள்ளலாம். அவளுக்கு அது பேசாமல் பேசாமல் வாய் நாறுகிற சமாச்சாரம்.

அதனால்தான் சேனல். பார்க்கிறவர்கள் சொற்பம். ஆனால் முரளிதரன் இருந்தான். மணவூர்க்காரன், சென்னைக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவன், தீபா என்று பெண்டாட்டி உண்டு. வீடியோ போட்ட கையோடு கமெண்டில் வந்து நிற்பான். "இன்னாக்கா, தகர டப்பா தட்டற மாரி கீது, இதப் போயி சூப்பர்ன்ற?" என்பான். இவள் விடுவாளா? "மொதல்ல உன் காத கொடஞ்சிட்டு கேளு தம்பி" என்பாள். அவன் ஒன்று சொல்ல, இவள் ஒன்று சொல்ல, உலை பொங்கி அடுப்பு அணைந்தாலும் தெரியாது. அந்தச் சண்டைக்காகவே அவள் வீடியோ போட்டாள் என்று சொன்னாலும் தப்பில்லை. அவன் ஒருத்தன்தான் அவள் பேச்சை ஒரு பேச்சாக மதித்து எதிர்த்துப் பேசினான்.

ஆடியில் ஒரு கறுப்பு இயர்போன் கடைக்கு வந்தது. "கழுத்து கெட்டி. பாட்டு பஞ்சு மாரி எறங்குது, உறுத்தலே இல்ல" என்று மனசாரப் புகழ்ந்தாள். முரளி அதை நம்பி வாங்கிவிட்டுக் கொதித்துப்போய் எழுதினான். "ஜால்ரா சத்தம் ஊசியால குத்துதுக்கா. பொம்பள கொரலு வந்தா பல்லு கூசுது. இதுவா பஞ்சு?" இன்னும் நாலு பேர் வந்து அதையே சொன்னார்கள். யோகலட்சுமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு நாளு திருத்தணிக்கு வா. ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து கேப்போம். யார் காது பொய் சொல்லுதுன்னு பாத்துடலாம்" என்று எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தேவிட்டான். ஸ்டேஷன் பெஞ்சில் அவள் முறுக்குப் பொட்டலத்தோடு, பெட்டியிலிருந்து எடுத்த நல்ல புடவையில் உட்கார்ந்திருந்தாள். தன்னைப் பார்க்கவென்றே ஒரு ஆள் ரயிலேறி வந்திருக்கிறான் என்பதே அவளுக்குக் கொள்ளை சந்தோஷம். அதை வெளியே காட்டாமல், "எங்க, ஊசிய எடு பாப்பம்" என்றாள்.

ஒரு பக்கத்தை அவள் காதிலும் இன்னொன்றைத் தன் காதிலும் மாட்டினான். "பாட்டு இல்லக்கா, இது டெஸ்ட்டு சத்தம். அடியில இருந்து மேல ஏறிகினே போவும். எங்க குத்துதுன்னு சொல்லு" என்றான்.

உறுமலாகத் தொடங்கிய சத்தம் விசிலாக ஏறி, மெலிந்து, நின்றுபோனது. "அவ்ளோதானா?" என்று திரும்பினாள். முரளி கண்ணை இறுக்கி மூடி, முகத்தைச் சுளித்து, காதிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். போன் திரையில் சத்தத்தைக் காட்டுகிற கோடு இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. பக்கம் மாற்றிப் போட்டுக் கேட்டார்கள். அப்போதும் அவள் அமைதியாக உட்கார்ந்திருந்தாள், அவன் துள்ளினான்.

"தறியில எத்தினி வருசம்க்கா இருந்த?"

"இருவது. ஏன்?"

"ஒண்ணுமில்ல." ஒயரைச் சுருட்டினான். "நீங்க சொன்னதுதான் கரெக்டு. ஏதோ என் போனுலதான் கோளாறு போல."

"அப்டி வா வழிக்கு!" என்று சிரித்து முறுக்கை அவன் கையில் திணித்தாள். அவன் படியேறி இறங்கி எதிர் பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நின்றான். போனை எடுத்து யாரையோ கூப்பிட்டான்.

தறிக்கொட்டகையில் எவளும் எவள் பேச்சையும் காதால் கேட்டதில்லை. நாலு தறி தள்ளி நிற்கிறவள் உதட்டை அசைத்தால் போதும், இங்கேயிருந்து பதில் போகும். மாமியார் கதை, மாதச் சீட்டு, வம்பு எல்லாமே உதட்டில்தான். அந்தப் பழக்கத்தில் அவள் கண் தண்டவாளத்தைத் தாண்டி முரளியின் வாய்க்குப் போனது.

"தீபா, பாவம் அந்த அக்கா. மேல் சத்தமே அதுக்கு கேக்கல. தறி காத தின்னுட்ச்சி. அதுக்கே தெரியல. இனிமே நான் ஒண்ணும் சொல்ல மாட்டேம்பா. பாவம்."

ரயில் வந்து அவனை மறைத்தது. ஜன்னலிலிருந்து கையாட்டினான், இவளும் ஆட்டினாள். காது போனதுகூட அவளுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. பொம்பளை காது, போனால் போகட்டும். அந்த 'பாவம்'தான் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

அடுத்த வீடியோவில் சத்தத்தைப் பற்றி அடக்கி வாசித்தாள். "சூப்பருங்க அக்கா" என்று முரளியிடமிருந்து வந்தது. அதற்கடுத்ததற்கும் அதே சூப்பர்தான். இதில் மரியாதை வேறு! "முரளி தம்பி, உனக்கு இது புடிக்காதே, வா, வந்து சொல்லு" என்று வலிய இழுத்துப் பார்த்தாள். "நல்லாதான் இருக்குதுங்க அக்கா" என்று நழுவினான்.

ஒரு மத்தியானம் கடையில் இருந்ததிலேயே மட்டமானதை எடுத்து வந்தாள். கேமரா முன்னால் வளைத்தபோது கழுத்து பிய்ந்து உள்கம்பி வெளியே தொங்கியது. ஒரு பக்கம் பேசவே இல்லை. அதைத் தூக்கிக் காட்டியபடி, "கழுத்து இரும்பு மாரி. ரெண்டு பக்கமும் கணீர்னு பேசுது. கண்ண மூடிகினு வாங்கலாம்" என்றாள். இத்தனை வருஷத்தில் விரல் அறிந்த விஷயத்தில் அவள் பொய் சொன்னதே இல்லை. இதற்காவது வந்து திட்டுடா, கண்ணு அவிஞ்சி போச்சான்னு கேளுடா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே போனைப் பார்த்திருந்தாள்.

வந்தது. "சூப்பருங்க அக்கா. நீங்க சொன்னா சரியாதான் இருக்கும். தீபாவுக்கு ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன்."

யோகலட்சுமி அந்த வீடியோவை அழித்தாள். பிறகு, "வாங்காத தம்பி, அது குப்ப. கேன்சல் பண்ணிடு" என்று அவனுக்குத் தனியாக எழுதினாள்.

"சரிங்க அக்கா" என்று பதில் வந்தது. ஏன் என்றுகூட அவன் கேட்கவில்லை.