டுடாவின் முதுகு

1964 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெர்மனியின் ஹெர்னே நகரத்து நிலக்கரிச் சுரங்கத்தில் காலை ஷிப்ட் முடித்துக் குளித்த எமில் டுடாவின் முதுகிலிருந்து கரி போகவில்லை. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் போகவே இல்லை. நல்ல சோப்புதான், வெந்நீருக்கும் குறைவில்லை. முகம், மார்பு, காது மடல் எல்லாம் வெளுத்தன. முதுகு மட்டும் குழிக்குள் இருந்தபடியே இருந்தது.

காரணம் எங்கள் காலனியில் எல்லோருக்கும் தெரியும். சுரங்கக் குளியல் கூடத்தில் எவனும் தன் முதுகைத் தானே தேய்ப்பதில்லை, கையும் எட்டாது. முன்னால் நிற்பவன் முதுகைப் பின்னால் நிற்பவன் தேய்ப்பான். எமிலின் முதுகைப் பதினோரு வருடமாகத் தேய்த்தவன் யூப் கொவால். யூப்பின் முதுகுக்கு எமில். பூமிக்கு அடியில் எங்களிடம் நீங்க, வாங்க கிடையாது. நேற்றுச் சேர்ந்தவனும் முப்பது வருடக்காரனும் வாடா போடாதான். யூப் மாலையில் சுரங்கப் பள்ளிக்குப் போய்ப் படித்த இரண்டு வருடமும் அவனுக்காக ஷிப்ட் மாற்றிக்கொண்டவன் எமில். யூப் தேறி மேற்பார்வையாளன் ஆனான். மேற்பார்வையாளர்களுக்குக் கதவும் தாழ்ப்பாளும் வைத்த தனிக் குளியலறை உண்டு. யூப் அங்கே போகவில்லை. முதல் நாளே பழைய சோப்போடு எங்கள் கூடத்துக்கு வந்து எமிலின் பின்னால் நின்றான். எமிலுக்குள் என்ன புகுந்ததோ, அறுபது பேர் அம்மணமாக நின்று கேட்டுக்கொண்டிருக்க, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்:

“சார், உங்க பாத்ரூம் அந்தப் பக்கம். நீங்க இங்கெல்லாம் நிக்கலாமா? கால்ல கரி ஒட்டிக்கும்.”

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், அதை மறைப்பதற்கில்லை.  யூப் சோப்பை டப்பாவில் வைத்து மூடி, “சரிங்க டுடா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று எமிலின் முதுகை நான் தேய்த்தேன், எனக்கு அடுத்தவன் தேய்த்தான், வீட்டில் அவன் மனைவி இர்ம்கார்ட் தரை துடைக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கரி கொட்டியதே தவிரத் தீரவில்லை. சுரங்கத்து டாக்டர், உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, ஆனால் கரி நிர்வாகத்தின் சொத்து என்று எழுதிக் கொடுத்தார். நாளுக்கு ஒரு முறம் கொட்டியது. எழுபத்து மூன்றில் எரியெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது தெருக்காரர்கள் அடுப்புக்குக் கரி கேட்டு வாளியோடு வந்து நின்றார்கள். யூப் வீட்டிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. இரண்டு பேரும் முக்குக் கடையில் சிகரெட் வாங்கும்போது பார்த்துக்கொள்வார்கள், “நல்லா இருக்கீங்களா கொவால்”, “இருக்கேங்க டுடா” என்பார்கள். அந்த மரியாதையைக் கேட்கவே எங்களுக்குச் சங்கடமாக இருக்கும். எழுபத்தெட்டில் சுரங்கத்தை மூடினார்கள், குளியல் கூடம் கம்பளக் கடை ஆனது. முதுகில் கரி கொட்டுவது மட்டும் நிற்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எமிலுக்குத் தெரிந்திருந்தது, அதுதான் அவனை அரித்தது.

“போய் ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?” என்பாள் இர்ம்கார்ட்.

“நாளைக்குப் போறேன்” என்பான்.

எண்பத்தொன்பது அக்டோபரில், யூப்பின் நுரையீரல் முழுக்கக் கல்தூள் அடைத்துவிட்டது, மாடி ஏற முடியாமல் சமையலறை ஜன்னலோரம் கட்டில் போட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. எமில் சோப்பை எடுத்துக்கொண்டு போனான். மற்றதை எங்களுக்குச் சொன்னவள் யூப்பின் மகள் ரெகினா. எமில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வருடம் உருளைக்கிழங்கு அழுகிப்போனதைப் பற்றி அரைமணி நேரம் பேசினானாம். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்ட யூப் கடைசியில் சொன்னான்:

“போதும்டா. சட்டையக் கழட்டு.”

ரெகினா வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். எமில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். யூப்பின் கை எழும்ப நேரமாயிற்று. சோப்பு தடவிய உள்ளங்கையை முதுகின் நடுவில் வைத்து ஒரு தடவை தேய்த்தான். கை பட்ட இடத்தில் கரி போய், எமிலின் அன்றைய முப்பத்து நான்கு வயதுத் தோல் தெரிந்தது. அதற்குமேல் அவனுக்கு மூச்சு இல்லை.

“மிச்சம் நாளைக்கு.”

“யூப், நான் அன்னிக்கு...” என்று எமில் தொடங்கினான்.

“அதையும் நாளைக்குச் சொல்லுடா.”

மறுநாள் காலை ஏழு மணிக்கே எமில் சோப்போடு போனபோது, கட்டிலில் விரிப்பை உருவிவிட்டிருந்தார்கள்.

யூப்பை அடக்கம் செய்த பிறகு முதுகைத் தொட அவன் யாரையும் விடவில்லை, இர்ம்கார்டைக்கூட. கரி இன்னும் கொட்டுகிறது, கை வைத்த இடத்தில் மட்டும் கொட்டுவதில்லை. வியாழக்கிழமைகளில் நகராட்சி நீச்சல் குளத்துக்கு வருவான். புதிதாக வரும் பிள்ளைகள் முதுகில் என்ன என்று கேட்டால், அது யூப்போட கை என்று சொல்லிவிடுகிறோம், அவர்களும் சரி என்று நீந்தப் போய்விடுகிறார்கள். குளத்தில் இறங்குமுன் குளிக்க வேண்டும் என்பது விதி. ஷவருக்கு அடியில் எமில், தன் பின்னால் ஒரு ஆள் நிற்க இடம் விட்டுத்தான் நிற்கிறான். எத்தனை கூட்டம் இருந்தாலும் அந்த இடத்தில் நாங்கள் யாரும் நிற்பதில்லை.