குலசிங்கத்துக்குப் பயன் சொன்ன கதை

எழுத்தாளர் வடகரையானின் செத்த வீட்டு முற்றத்தில் நின்றே சிவசுப்பிரமணியம் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"அவனோடை குலசிங்கமும் செத்துப்போனான். இனி ஒருத்தரும் உந்தப் பேரிலை ஒரு வரி எழுதப்படாது."

பக்கத்தில் நின்றவர்கள் ஓம் ஓம் என்றார்கள். செத்த வீட்டில் யார்தான் மறுத்துக் கதைப்பார்கள்?

குலசிங்கம் யாரென்று சுன்னாகத்துக்கு இந்தப் பக்கம் வந்து கேட்டுவிடாதீர்கள், அடி விழும். ஒற்றன் குலசிங்கம்! கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு வியன்னாவிலும் ஹொங்கொங்கிலும் திரிந்த யாழ்ப்பாணத்தான். சட்டைப்பையில் எப்போதும் ஒரு கடதாசிச் சரை மிளகாய்த்தூள் இருக்கும். சுடுகிற துவக்கு கைவிட்டாலும் தூள் கைவிடாது. எதிரியின் அறைக்குள் நுழைந்தால்கூட, "முதலில் நீங்கள் இருங்கள்" என்று ஆசனத்தைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் தான் இருப்பான். அந்த மரியாதைக்கு மயங்காத வாசகர் கிடையாது. அவனைப் படைத்த வடகரையானோ கொழும்புக்கு அப்பால் கால் வைக்காதவர். வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு வீடு, சொந்தப் பெயர் கனகலிங்கம். சிவசுப்பிரமணியத்துக்கு வெறும் கனகு. முதலாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள்.

கடைசி நாவல்தான் வினையாகிப் போனது. பனிமூட்டத்துக்குள் ஒரு தோணி, விளக்கு அணைந்திருக்கிறது, குலசிங்கம் முன்னால் நிற்கிறான். பின்னாலிருந்து யாரோ மெல்லிய குரலில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவன் திரும்பவில்லை. அதோடு புத்தகம் முடிந்தது.

சிவசுப்பிரமணியத்துக்கு வந்ததே கோபம்! புத்தகத்தைக் கொண்டுபோய் நண்பனின் மேசையில் போட்டார். "உது என்னடா முடிவு? ஏன் அவன் திரும்பேல்லை? உனக்குக் கை சோர்ந்துபோச்சு கனகு, இனி எழுதாதை." கனகலிங்கம் சிரித்துக்கொண்டு, "பேந்து தெரியவரும், பொறு" என்று மட்டும் சொன்னார்.

பிறகென்று அவர் சொன்ன அந்தப் 'பேந்து' வந்தது ஆஸ்பத்திரியாகத்தான். கட்டிலின் வலப்பக்கம் முழுக்கக் குழாயும் கம்பியுமாக இருந்தபடியால், சிவசுப்பிரமணியம் மற்றப் பக்கம் போய்க் குனிந்து, "கனகு, நான் வந்திருக்கிறன். அண்டைக்குச் சொன்னதை மனசிலை வைச்சிருக்காதை" என்றார். கனகலிங்கம் கண் திறந்துதான் இருந்தார். மேலே முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். திரும்பவில்லை. அடுத்த நாள் ஆள் இல்லை.

கோபத்தோடேயே போய்விட்டான் என்று சிவசுப்பிரமணியம் முடிவு கட்டிக்கொண்டார். மனைவி மீனாம்பிகையிடம் மட்டும் ஒருமுறை சொல்லி அழுதார். செத்த வீட்டில் சொன்ன தீர்ப்பும் அதிலிருந்து வந்ததுதான். இனி எழுதாதே என்ற வாயால், குலசிங்கத்தை வேறு யாரும் தொடக்கூடாது என்று காவல் காத்தால் நண்பனுக்குக் கொஞ்சமாவது ஆறுமென்று ஒரு நினைப்பு.

அந்தக் காவலைத்தான் பருத்தித்துறையில் கணக்குப் படிப்பிக்கிற கீர்த்திகா என்கிற பிள்ளை உடைத்தது. வடகரையானை அவள் கண்ணாலும் கண்டதில்லை. அவருடைய மனைவி சிவகௌரியிடம் அனுமதி வாங்கி, விட்ட இடத்திலிருந்தே அடுத்த நாவலை எழுதிவிட்டாள். ஊர் இரண்டுபட்டது. செந்தூரன் நடத்துகிற 'குலசிங்கம் ரசிகர் வட்டம்' வட்ஸ்அப்பில் இராப்பகலாக அடிபாடு. ரொறன்ரோவிலிருந்து பிரவீணன் குரல்பதிவு போட்டான்: "முதல் அம்பது பக்கம் ஊருது. வடகரையான் எண்டால் அதுக்கிடையிலை ரெண்டு பேரைச் சாக்காட்டியிருப்பார்." தபாற்கந்தோரில் வேலை பார்க்கிற லவீனா விடவில்லை: "முந்தின புத்தகங்களிலை பொம்பிளையள் தேத்தண்ணி ஊத்தவும் சாகவும்தான் வந்தவை. இதிலைதான் ஒருத்தி வாய் திறந்து கதைக்கிறாள்." குலசிங்கம் கைபேசி வைத்திருக்கலாமா, குலசிங்கம் அழலாமா என்று வேறு கிளை வழக்குகள். மீனாம்பிகை ஒரு கருத்தும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிழமை வீட்டில் குழம்பு மூன்றுதரம் அடிப்பிடித்தது. அவளும் ஒளித்து வாசிக்கிறாள் என்று கிழவருக்கு விளங்காமலில்லை.

கடைசியில் சிவகௌரியே படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

"அண்ணை, பிள்ளை அடுத்ததும் எழுதக் கேக்குது. ஊர்ச் சனம் வேண்டாமெண்டால் நான் கையெழுத்து வைக்கமாட்டன், இதோடை முடிப்பம். வாசிகசாலையிலை ஒரு கூட்டம் வைச்சிருக்கு. கோயில்லை புராணம் படிக்கிற மாதிரி, பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் பயன் சொல்லுங்கோ."

புராணப் படிப்பில் ஒருவர் பாட்டை இழுத்து வாசிப்பார், மற்றவர் உடனுக்குடன் அதன் பொருளைச் சபைக்கு விரித்துச் சொல்வார். அதுதான் பயன் சொல்வது. ஊர்க் கோயிலில் அந்த இடம் சிவசுப்பிரமணியத்துடையது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது அவருக்கு. புத்தகத்தைத் தொடாமலே கிழித்துத் தோரணம் கட்டலாமே!

"ஓம் தங்கச்சி, வாறன்" என்றார்.

கூட்டத்தன்று பின்னேரம் அவரும் மீனாம்பிகையும் இரண்டு பக்கமும் முள்வேலி போட்ட ஒழுங்கை வழியாக நடந்து போனார்கள். வழக்கம்போல அவர் வலப்பக்கம் வந்துவிட, மீனாம்பிகையின் சேலை முள்வேலியில் கொழுவியது.

"இஞ்சருங்கோ, கலியாணம் கட்டின நாள் தொட்டு என்னை இந்தப் பக்கத்துக்கே தள்ளுறியள். ஒருநாளைக்கெண்டாலும் மாறி வாங்கோவன்."

"நடையப்பா பேசாமல்."

வாசிகசாலை நிரம்பி வழிந்தது. கீர்த்திகா மெலிந்த உருவம், கண்ணாடி போட்டிருந்தாள். வணங்கிவிட்டு வாசிக்கத் தொடங்கினாள். குலசிங்கம் அந்நிய நகரம் ஒன்றில் ரயிலால் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான்.

சிவசுப்பிரமணியம் தொண்டையைச் செருமினார். "அதாகப்பட்டது சபையோரே, குலசிங்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனானாம். வடகரையான் எழுதியிருந்தால் அந்தப் பெட்டிக்குள்ளை குண்டு இருந்திருக்கும். இதிலை உடுக்கிற சாரமும் குளிக்கிற சவுக்காரமும்தான்!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கீர்த்திகா தலை நிமிரவில்லை. முன்வரிசையிலிருந்து சிவகௌரி மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணை, வாசிச்சதிலை இல்லாததைப் பயன்காரர் சொல்லலாமோ?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கோயிலில் அவரே மற்றவர்களுக்குச் சொல்லுகிற சட்டம் அது. இல்லாததைச் சேர்க்கக்கூடாது, இருப்பதை ஒளிக்கவும் கூடாது.

"பிழைதான் தங்கச்சி. பிள்ளை, நீ வாசி."

கீர்த்திகா தோணிக் கட்டத்தை எடுத்தாள்.

"'ஏன் திரும்பவில்லை?' என்று அன்று தோணியில் கூப்பிட்டவள் கேட்டாள். 'உன் இடது தோளுக்குப் பின்னால் நின்றுதானே கூப்பிட்டேன். ஓடித் தப்பு என்றுதானே சொன்னேன்.' குலசிங்கம் எந்த நாட்டு அரசுக்கும் எந்த எதிரிக்கும் சொல்லாத ஒன்றை அவளுக்குச் சொன்னான். 'சின்ன வயதிலிருந்தே எனக்கு இடது காது கேளாது. அதனால்தான் எல்லாரையும் முதலில் இருக்கச் சொல்கிறேன். அவர்கள் இருந்த பிறகு, என் வலது காது அவர்கள் பக்கம் வருகிற இடமாகப் பார்த்து நான் இருப்பேன். அதை மரியாதை என்று உலகம் நினைத்துக்கொண்டது.'"

கீர்த்திகா நிறுத்தினாள். இனிப் பயன்.

சிவசுப்பிரமணியம் வாயைத் திறந்தார். நூறு தரம் படித்த புத்தகங்கள் எல்லாம் மனதுக்குள் மளமளவென்று புரண்டன. வியன்னா ஹோட்டலில் குலசிங்கம் மேசையின் இடது ஓரம். ஹொங்கொங் படகில் இடது ஓரம். டெலிபோன் அடித்தால் துவக்கை இடக்கைக்கு மாற்றிவிட்டு வலக்கையால் எடுத்து வலது காதில் வைப்பான். இரண்டு கையாலும் சுடுவான் என்று ரசிகர்கள் துள்ளினார்களே, அதற்கல்லவா! ஐயோ, எல்லாம் அங்கேயே கிடந்ததே. ஒரு வரியைக்கூட இந்தப் பிள்ளை புதிதாகக் கட்டவில்லை.

"உனக்கு ஆர் சொன்னது?" என்றார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா. எல்லாப் புத்தகத்தையும் வரிசையா வைச்சு வாசிச்சன். குலசிங்கம் எங்கை இருக்கிறார், ஆருக்கு எந்தப் பக்கத்தாலை நடக்கிறார் எண்டு பாத்துக்கொண்டு போனன். ஒரு இடத்திலையும் பிசகேல்லை. முதலாவது புத்தகத்திலையிருந்தே எழுத்தாளர் தெரிஞ்சுதான் எழுதியிருக்கிறார். கடைசியிலை சொல்ல நினைச்சிருப்பார் எண்டு எனக்குப் பட்டுது."

பேந்து தெரியவரும், பொறு.

அப்போதுதான் அவருக்குள் மற்றது விழுந்தது. பள்ளிக்கூட வாங்கில் இடது ஓரம் யாருக்கு? கனகுவுக்கு. தேத்தண்ணிக் கடையில், கோயில் வீதியில், சந்தைக்கு நடக்கிறபோது இடப்பக்கம் யார்? தான் மாறி வந்தால் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் வருகிறவன் யார்? அவர் எழுந்து நின்றார். செந்தூரன் பதறிப்போய்ச் சோடாப் போத்தலோடு ஓடிவந்தான். அவர் அவனை விலக்கிவிட்டுச் சிவகௌரியைப் பார்த்தார்.

"தங்கச்சி... கனகுவுக்கும் இடக் காது..."

சிவகௌரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தலையசைத்தாள். "சின்னனிலை காய்ச்சல் வந்து காது போனது அண்ணை. ஊருக்குத் தெரிஞ்சால் செவிட்டுக் கனகு எண்டு பட்டம் வைப்பினம், அது பேரப்பிள்ளை வரைக்கும் ஒட்டும், வாய் திறக்காதை எண்டவர். சத்தியமா நான் இந்தப் பிள்ளைக்கும் சொல்லேல்லை. புத்தகத்திலை வாசிச்சுப்போட்டு நானே நடுங்கிப்போனன்."

கீர்த்திகா கையிலிருந்த புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எழுதியவளுக்கே அது இப்போதுதான் தெரிகிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதென்பார்கள். ஒரு மனிதன் முழு ஊருக்குள் மறைத்துவிட்டுப் போயிருக்கிறான். வியன்னாவும் வேண்டாம், ஹொங்கொங்கும் வேண்டாம், உண்மையான ஒற்றன் இந்த ஒழுங்கையிலேயே நடந்து திரிந்திருக்கிறான். கூட நடந்தவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்து வாழ்ந்தும் தான் பார்க்காததை, முகமே காணாத ஒரு பிள்ளை எழுத்துக்குள்ளிருந்து எடுத்துவந்து சபையில் வைத்திருக்கிறது. என்ன வாசிப்பு இது! கோயிலில் தீபம் காட்டும்போது உடம்பு சிலிர்க்குமே, அப்படிச் சிலிர்த்தது சிவசுப்பிரமணியத்துக்கு.

"அண்ணை, பயன்" என்றாள் சிவகௌரி.

அவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டார், கோயிலில் கட்டுவதுபோல.

"அதாகப்பட்டது சபையோரே," என்று தொடங்கினார். "கூப்பிட்டவர் இடப்பக்கம் நிண்டு கூப்பிட்டார். இவன் திரும்பேல்லை. கூப்பிட்டவர் என்ன நினைச்சார்? கோவமாக்கும் எண்டு நினைச்சார். தன்னை வேண்டாமெண்டு முகத்தைத் திருப்பிப்போட்டான் எண்டு நினைச்சு, இவ்வளவு காலமும் நெஞ்சுக்கை நெருப்பை வைச்சிருந்தார்." கண்ணீர் தாரையாக ஓடியது, அவர் துடைக்கவில்லை. "கோவமில்லை. அவனுக்குக் கேக்கேல்லை. அவ்வளவுதான். அவனுக்குக் கேக்கேல்லை!"

கடைசி வரிசையில் இருந்த மீனாம்பிகை விம்மி அழுதாள். மற்றவர்கள் குலசிங்கத்துக்காக அழுகிறாளென்று நினைத்திருப்பார்கள்.

"அப்ப, அடுத்த புத்தகம்?" என்று செந்தூரன் கொஞ்சம் பொறுத்துக் கேட்டான்.

"எழுதட்டும். ஆர் எழுதக்கூடாதெண்டது? நானோ? எனக்கென்ன விசரே? புராணம் படிக்கிறவர் நடுவிலை செத்தால் படிப்பு நிக்கிறேல்லை. மற்றவர் அடுத்த பாட்டிலையிருந்து தொடங்குவார். பிள்ளை, உன்னட்டை இன்னொரு புத்தகம் இருக்கோ? முதல் அம்பது பக்கம் ஊருதெண்டு சொன்னவனுக்கு நான் மறுமொழி சொல்லவேணும்."

சிரிப்பும் கைதட்டும் ஒன்றாக எழுந்தன. கீர்த்திகா தன் கையிலிருந்ததையே அவரிடம் நீட்டினாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் தணிந்திருந்தது. ஒழுங்கை முகப்பில் மீனாம்பிகை ஒரு அடி முன்னால் போய், இம்முறையாவது இரண்டு பக்க வேலிக்கும் தப்பலாமென்று அவரை இடப்பக்கம் விட்டு நடுவால் நடந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் சிவசுப்பிரமணியம் தன்னை அறியாமலே சுற்றிக்கொண்டு வந்து அவளுக்கு வலப்பக்கம் நின்றார். சேலை திரும்பவும் முள்ளில் கொழுவியது.

"பாருங்கோ, பிறகும்!" என்றாள் அவள்.

அவர் குனிந்து முள்ளிலிருந்து சேலையை மெதுவாக விடுவித்தார்.

"நானில்லையப்பா," என்றார். "கனகு பழக்கிப்போட்டுப் போயிருக்கிறான்."