மூன்று புத்தகத்திலும் இல்லாதது

ஐம்பத்து மூன்றாம் வருடம், பங்குனி மாதத்து உச்சி வெயில். வாசலுக்கு வெளியே நின்ற ஆள், "முத்தா, கதவைத் தொற" என்றான்.

முத்தாத்தாள் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் பர்மா சண்டையில் செத்துப்போன அவள் கணவன் அப்புசாமியின் குரல். ஜன்னல் வழியே பார்த்தாள். இளைத்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது. முகம் அவனுடையதுதான். இத்தனை நாளும் வண்டன்மேட்டில் ஏலக்காட்டு வேலையில் இருந்ததாகச் சொன்னான்.

"தொறக்காதீங்க நங்கையா." கணவனின் தம்பி ஈஸ்வரமூர்த்தி அண்ணிக்குக் குறுக்கே வந்தான். அண்ணனோடு பட்டாளத்துக்குப் போய்த் தனியாகத் திரும்பியவன். "எங்கண்ணன் மேல மண்ணு தள்ளுனது இந்தக் கை."

அவன் மூன்று புத்தகம் எழுதி அச்சுப் போட்டிருந்தான். ஒன்று குடும்பக் கதை. இன்னொன்று சண்டைக் கதை. அதில் அப்புசாமி ஆற்றங்கரையில் சாகும் பக்கத்தை முத்தாத்தாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள், மறுபடி திறக்கவில்லை. மூன்றாவது, தங்கள் கோபாலபுரம் பக்கத்து வழக்கங்கள். கருமாதி முடிந்தவன் உயிரோடு திரும்பினால் வாசல் வழியே வரக்கூடாது, கூரையைப் பிரித்து உள்ளே இறக்கி, பிறந்த பிள்ளைபோலப் பேர் வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

"நீங்க எழுதுனபடியே செய்யறனுங்க தம்பி" என்று சொல்லி, பக்கத்துக் காட்டுக் குப்பண்ணனைக் கூப்பிட்டுக் கூரைமேல் ஏற்றினாள். இரண்டு ஓடு கழன்றது. வீட்டுக்குள் வெயில் ஒரு துண்டு விழுந்தது.

"உசுரோட வந்தவனுக்குத்தான் அது. இவன் ஆரோ. எதையாச்சுங் கேட்டுப் பாருங்க" என்றான் ஈஸ்வரமூர்த்தி.

அவள் ஜன்னலுக்குப் போனாள். "நம்ம கல்யாணத்தன்னிக்கு என்னாச்சுங்க?"

"மழையில பந்தல் சரிஞ்சு உங்கொப்பன் தலைமேல உழுந்துது."

"மொதல்ல வாங்குன எருது?"

"காரி. ஒத்தைக் கொம்பு."

ஈஸ்வரமூர்த்தி குடும்பப் புத்தகத்தைத் தட்டினான். "அத்தனையும் இதுல இருக்குது. பொள்ளாச்சியில ஆரு வேணாலும் வாங்கிப் படிக்கலாம்."

"ஊட்டுச் சங்கதியப் பூராச் சந்தையில வித்துப்போட்டு இப்பக் கதவச் சாத்துனா ஆகுமா?" என்றார் குப்பண்ணன், மேலிருந்து.

"இதுல இல்லாததக் கேளுங்க நங்கையா."

முத்தாத்தாள் யோசித்தாள். வழியனுப்பிய அன்று, போனதும் காயிதம் போடுங்க என்று சொல்லியிருந்தாள். அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது.

"கடேசியா உங்ககிட்ட நான் என்ன சொன்னனுங்க?"

அவன் மெல்லச் சொன்னான்.

"இனிமே வராதீங்கன்னு சொன்னே. கெணத்துமேட்டுல, ஈரச்சீலையோட நின்னு."

உடம்பு ஊர் வந்து சேராததால் கோரைப்புல் பொம்மையை எரித்துக் கருமாதி முடித்த நாள் அது. ஈஸ்வரமூர்த்திகூட அப்போது பர்மாவில் இருந்தான். நாய் குரைக்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடி ஓடிச் சலித்தவள், யாருமில்லாத நேரம் கிணற்றுக்குள் குனிந்து அதைச் சொன்னாள். அவன் செத்து அன்றைக்கு நாலு மாதம் ஆகியிருந்தது.

"அதான் வரலே" என்றான் வெளியே நின்றவன். "இப்ப வரட்டுமா?"

முத்தாத்தாள் திரும்பினாள். "உங்கண்ணந்தானுங்க."

"எங்கண்ணன் செத்துட்டான் நங்கையா!"

"ஆமாந் தம்பி. நீங்க எழுதுனது நெசந்தான்."

அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"குப்பண்ணா, அகலம் பத்தாதுங்க. இன்னும் நாலு ஓடு எடுங்க."