எழுதிவைத்த பிரசவம்

முதல் படிவத்தை அவள் சிரித்துக்கொண்டே நிரப்பினாள். அப்போது ஆறாம் மாதம். அவள் பரிசோதனைக்குப் போய்வந்த மருத்துவமனையின் பிரசவ வார்டில் மூத்த நர்ஸ் ஒருவர் இருந்தார். டாக்டர்கள் உட்பட எல்லோருக்கும் அவர் பெரிய சிஸ்டர்தான். பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் இரண்டு தாளைக் கொடுத்து, "வலி வந்தப்புறம் வாயில வார்த்தை வராது. இப்பவே எழுதிக் குடுத்துடு" என்பார். பிரசவ அறையில் உடன் இருப்பது யார், வலி குறைய ஊசி வேண்டுமா, தொப்புள்கொடியை வெட்டுவது யார், வீட்டுக்குப் போனபின் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று அதில் கேள்விகள் இருந்தன.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலை பார்த்தாள். கணவன் நகரப் பேருந்து ஓட்டுநர். தொப்புள்கொடிக்கு நேராக அவள் அவன் பெயரை எழுதப் போனபோது அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயோ, நானா? எனக்குக் கை நடுங்கும்."

"அறுபது பேரை ஏத்திக்கிட்டு சந்து பொந்தெல்லாம் ஓட்டற கை, ஒரு கத்தரிக்கோலுக்கு நடுங்குமா?"

அவனோடு வேலை செய்யும் கண்டக்டர், வயிற்றில் இருப்பதற்கு 'அரை டிக்கெட்' என்று பட்டம் கட்டியிருந்தார். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "அரை டிக்கெட் இன்னைக்கு உதைச்சுதா?" என்றுதான் கேட்பான்.

ஏழாம் மாத ஸ்கேனில் டாக்டர் முதலில் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு பேச்சு நின்றது. கருவியை வயிற்றில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தினார். "ஒரு நிமிஷம்" என்று வெளியே போய் இன்னொரு டாக்டரை அழைத்து வந்தார். அந்த ஒரு நிமிடத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

குழந்தைக்கு இரண்டு சிறுநீரகமும் உருவாகவில்லை. அதனால் அதைச் சுற்றி நீர் இல்லை. நீர் இல்லாததால் நுரையீரல் வளரவில்லை. வயிற்றுக்குள் இருக்கும்வரை தாயின் தயவில் உயிர் இருக்கும். வெளியே வந்தால் சில நிமிடங்கள், மிஞ்சினால் சில மணி நேரம்.

"நான் ஏதாவது சாப்பிடக்கூடாததைச் சாப்பிட்டுட்டேனா டாக்டர்?"

"இல்லம்மா. நீ செஞ்சதாலயும் இல்ல, செய்யாம விட்டதாலயும் இல்ல."

இப்போதே வலி வரவைத்துப் பெற்றுக்கொள்ளலாம், இல்லாவிட்டால் தானாக வரும்வரை காத்திருக்கலாம் என்றார்கள். காத்திருப்பதாக அவள் சொன்னாள். உள்ளே உதைத்துக்கொண்டிருப்பதைத் தானே நிறுத்தும் தைரியம் தனக்கு இல்லை என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

இரண்டு வாரம் கழித்துப் பெரிய சிஸ்டர் அவளைத் தன் மேஜைக்கு அழைத்தார். ஃபைலில் இருந்த பழைய தாள்களைக் காட்டி, "இதை எடுத்துடவா?" என்றார்.

"இருக்கட்டும் சிஸ்டர்."

புதிய படிவத்தின் கேள்விகளைச் சிஸ்டர் கையாலேயே எழுதியிருந்தார். குழந்தைக்கு மூச்சு வரவில்லையென்றால் தொண்டையில் குழாய் போட வேண்டுமா? தொப்புள்கொடியை வெட்டுவது யார்? பிறந்ததும் யாரிடம் கொடுக்க வேண்டும்? போட்டோ எடுக்கலாமா? கால் ரேகை எடுக்கலாமா? குளிப்பாட்டுவது யார்? பிறகு தாயை எந்த வார்டில் வைப்பது? பால் சுரந்தால் என்ன செய்வது?

கடைசிக் கேள்வியில் அவள் விரல் நின்றது. "பால் வருமா சிஸ்டர்?"

"வரும்மா. உடம்புக்கு அதெல்லாம் தெரியாதில்ல."

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அன்று நாத்தனாரும் வந்திருந்தார். கணவனைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரு ஹோட்டலின் லாண்டரியில் வேலை. நாக்கு சாட்டை என்று பெயர் எடுத்தவர். தாளைக் கையில் எடுத்து நாலு வரி படித்தார். கீழே வைத்துவிட்டார்.

"பொறக்கறதுக்கு முன்னாடியே எழவுக்கு லிஸ்ட் போடற வீடு இது ஒண்ணுதான். இதையெல்லாம் எழுதுவாங்களா? நடக்கறது நடக்கும். கண்ணை மூடிக்கிட்டுப் பெத்துட்டு வந்துடணும். பார்க்கவே கூடாது."

"நான் பார்க்கணும்க்கா."

"பார்த்தா மறக்க முடியாது."

"நான் எதுக்கு மறக்கணும்?"

நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு மூன்று வாரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கணவனோடு சண்டை தொண்டைக் குழாய்க் கேள்வியில் வந்தது. அவள் 'வேண்டாம்' என்று எழுதியிருந்தாள். அவன் அதைப் பார்த்ததும் தாளைத் தள்ளிவிட்டான்.

"டாக்டருங்க சொன்னா வேதமா? ஆயிரத்துல ஒண்ணு பிழைக்காதா? ஒரு முயற்சிகூடப் பண்ணாம விடுன்னு எழுதி நீயே கையெழுத்துப் போடுவியா?"

"குழந்தை என் கையில இருக்கணும்ங்க. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

"உனக்கு வேண்டாம். அதுக்கு வேண்டாமா?"

நான்கு நாள் இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். "தண்ணி வருது." "மருந்து சாப்ட்டியா?" அவ்வளவுதான். அந்த வாரம் அவன் பேருந்தை ஒரு நிறுத்தத்தில் நிறுத்தாமலே ஓட்டிப்போனதாகவும், பயணிகள் சத்தம் போட்ட பிறகே சுயநினைவுக்கு வந்ததாகவும் கண்டக்டர் பின்னாளில் சொன்னார்.

ஐந்தாம் நாள் ஷிஃப்ட் முடிந்ததும், யூனிஃபார்மோடு அவன் தனியாக மருத்துவமனைக்குப் போனான். குழந்தைகள் டாக்டருக்காக ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உள்ளே போய் ஒரே கேள்விதான் கேட்டான்: "குழாய் போட்டா என்ன நடக்கும் சார்? மறைக்காம சொல்லுங்க."

டாக்டர் மறைக்கவில்லை. குழந்தையை உடனே பக்கத்து அறைக்குக் கொண்டுபோவோம். குழாய் போட்டு மெஷினால் காற்றைத் தள்ளுவோம். அதை வாங்கிக்கொள்ள நுரையீரல் இல்லை. தள்ளினால் கிழியும். ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கலாம். அந்த நேரமும் நீங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பீர்கள்.

"வலிக்குமா சார்?"

"வலிக்கும்."

அவன் வீட்டுக்கு வந்து கை கால் கழுவினான். மேஜையில் உட்கார்ந்து படிவத்தை இழுத்தான். 'வேண்டாம்' என்பதற்குக் கீழே, 'தாயின் நெஞ்சில் வைக்கவும். யாரும் எடுத்துப் போகக் கூடாது' என்று தன் கையால் எழுதினான். எல்லாவற்றையும் இன்னொரு தாளில் பிரதி எடுத்து, மடித்து லைசென்ஸ் உறைக்குள் வைத்துக்கொண்டான். தொப்புள்கொடிக்கு நேராகத் தன் பெயரையும் எழுதினான். அவள் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டுவது யார் என்ற இடம் மட்டும் காலியாகவே இருந்தது. அதற்கு யாரை எழுதுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

முப்பத்தைந்தாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வலி வந்தது. பெரிய சிஸ்டருக்கு அன்று விடுமுறை. ஃபைல் அவருடைய மேஜை டிராயரில், பூட்டுக்குள். பிரசவ அறையில் இருந்த டாக்டரும் நர்சும் அவளை அதற்கு முன் பார்த்ததே இல்லை. நர்ஸ் வழக்கம்போலக் குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் மெஷினைத் தயார் செய்யத் தொடங்கினாள். கட்டிலில் இருந்தவளுக்குப் பேச்சு வரவில்லை. கையை மட்டும் அசைத்தாள்.

அவன் லைசென்ஸ் உறையிலிருந்து தாளை எடுத்தான். "மேடம், ஒரு நிமிஷம். நாங்க எழுதி வச்சிருக்கோம்" என்று சொல்லி, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தான். நடுவில் இரண்டு இடத்தில் நின்று, விட்ட இடத்திலிருந்து மறுபடி படித்தான். டாக்டர் கையுறையோடு நின்று கடைசி வரிவரை கேட்டார். "சரி. இப்படியே செய்வோம்" என்றார். நர்ஸ் மெஷினைச் சுவரோரம் நகர்த்தினாள்.

மாலை ஐந்தே காலுக்குக் குழந்தை பிறந்தது. பெண். அழவில்லை, பூனைக்குட்டி போல ஒரு முனகல் மட்டும். காதுகள் சற்றுக் கீழே இறங்கியிருந்தன. மூக்கு, கண்ணாடியில் அழுத்திப் பார்த்ததுபோல் தட்டையாக இருந்தது. மற்றபடி விரல், நகம், புருவம் எல்லாம் அளவெடுத்த மாதிரி இருந்தன. அவன் தொப்புள்கொடியை வெட்டினான். கை நடுங்கத்தான் செய்தது.

அவள் நெஞ்சில் குழந்தையை வைத்து ஒரு போர்வையைப் போர்த்தினார்கள். அது இழுத்து இழுத்து மூச்சு விட்டது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் இருவரும் தங்கள் மூச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவன் குனிந்து, "அரை டிக்கெட்டு, நான்தான்டி, அப்பா" என்றான். தான் ஓட்டும் ரூட்டின் நிறுத்தங்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். எந்த இடத்தில் இறக்கம், எங்கே ஸ்கூல், எங்கே மரத்துக் கிளை கூரையில் உரசும் என்றெல்லாம் சொன்னான். வேறு என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. குழந்தை ஒருமுறை கண்ணைத் திறந்தது. அவள் அதைப் பார்த்தாள். அதுவும் தன்னைப் பார்த்ததாகத்தான் அவள் இன்றைக்கும் சொல்கிறாள்.

ஐம்பது நிமிடம். ஆறு ஐந்துக்கு டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, அவள் தோளில் கை வைத்தார்.

கதவருகே யாரோ நிற்பது அப்போதுதான் தெரிந்தது. நாத்தனார். கண்டக்டர் போய்ச் சொல்லியிருக்கிறார். லாண்டரி யூனிஃபார்மோடு வந்திருந்தார். கையில் இரண்டு வெள்ளைத் துண்டுகள்.

"குளிப்பாட்ட யாராவது இருக்காங்களா?" என்றார். இல்லை என்று அவன் தலையசைத்தான். "அப்ப நான் செய்யறேன். வெதுவெதுன்னு தண்ணி குடுங்க."

நர்ஸ் பேசினில் தண்ணீர் கொண்டுவந்தாள். நாத்தனார் முழங்கையை நனைத்துச் சூடு பார்த்தார். அக்குள், கழுத்து மடிப்பு, காதுக்குப் பின்புறம் என்று ஒரு இடம் விடாமல் கழுவினார். துவட்டி, துண்டில் சுற்றி, தாயிடமே திருப்பிக் கொடுத்தார். தாளில் எழுதியிருந்தபடி நர்ஸ் போட்டோவும் கால் ரேகையும் எடுத்தாள்.

படிவத்தில் கேட்டிருந்தபடி, அவளைப் பிரசவ வார்டில் வைக்காமல் மாடியில் ஒரு தனி அறையில் வைத்தார்கள். ஆனாலும் பக்கத்துக் கட்டடத்துக் குழந்தைகளின் அழுகை ஜன்னல் வழியாக வந்தது. அதற்கு யாரும் திட்டம் போட்டிருக்கவில்லை.

மூன்றாம் நாள் வீட்டில் பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாக இறுகி, ஜாக்கெட் நனைந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். நாத்தனார் ஐஸ் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணிகளோடு வந்து உட்கார்ந்தார்.

"வெந்நீர் மேல படாம பார்த்துக்கோ. வெந்நீர் பட்டா இன்னும் சுரக்கும். ரொம்பக் குத்தினா கொஞ்சமா பீச்சி விடு, முழுசா எடுத்துடாத. நாலஞ்சு நாள்ல வத்திடும்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

நாத்தனார் துணியைத் திருப்பிப் போட்டார். "எனக்கும் ஒண்ணு போச்சு. மூத்தது. உன் புருஷன் அப்ப ஸ்கூல்ல படிச்சுக்கிட்டிருந்தான், அவனுக்கே தெரியாது. உயிரில்லாமதான் பொறந்துதுன்னாங்க. துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. பார்க்காதே, பார்த்தா மறக்க முடியாதுன்னாங்க. நானும் சரின்னு சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன்."

"ஆணா, பொண்ணாக்கா?"

"கேக்கலடி. கேக்கவே இல்ல. அப்புறம் ரெண்டு பெத்தேன், வளர்த்தேன், எல்லாம் ஆச்சு. ஆனா அது என்னன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது." துணியை மறுபடி பிழிந்து போட்டுவிட்டு, "அந்த போட்டோ இருந்தா காட்டு" என்றார். வாங்கி, எட்டத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

ஆறாவது வாரப் பரிசோதனைக்கு நாத்தனார்தான் துணைக்கு வந்தார். தையல் ஆறிவிட்டது, கடைக்கு வேலைக்குப் போகலாம் என்றார்கள். வெளியே வந்ததும் அவள் வாசல் பக்கம் போகாமல் படியிறங்கி, கீழ்த்தளத்துப் பதிவேட்டு அறைக்குப் போனாள்.

"இங்க எதுக்கு?"

"நீங்க பெத்ததும் இதே ஆஸ்பத்திரிதானேக்கா? வாங்க."

நாத்தனார் வாசலிலேயே நின்றுகொண்டார். அங்கிருந்த கிளார்க், அவள் சொன்ன வருடத்தைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இருபத்தோரு வருஷமா? எலி விட்டு வச்சிருந்தா இருக்கும்மா." அலுத்துக்கொண்டாலும் ஏணி போட்டு ஏறினார். மூன்றாவது பதிவேட்டில், தூசு தட்டி, விரலை வரி வரியாக ஓட்டி, ஒரு இடத்தில் நிறுத்தினார். நாத்தனாரின் பெயரையும் அவர் கணவரின் பெயரையும் படித்துச் சரிபார்த்தார்.

"பெண். ரெண்டு கிலோ நூத்தைம்பது. காலை ஆறு பத்து. உயிரின்றிப் பிறந்ததுன்னு போட்டிருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

நாத்தனார் உள்ளே வந்து அந்த வரியின் மேல் கையை வைத்தார். "பொண்ணு" என்றார். பிறகு, "ஆறு பத்துக்கு நான் முழிச்சிக்கிட்டுதான் இருந்தேன். ஜன்னல்ல வெளிச்சம் வந்திருந்துது. கழுத்தைத் திருப்பியிருந்தா பார்த்திருப்பேன்."

கிளார்க் நகல் எடுத்துக் கொடுத்தார். இருவரும் வெளியே வந்து மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நாத்தனார் ஒரு வாய் குடித்துவிட்டு, போனை எடுத்து லாண்டரிக்குப் பேசினார். இன்று வரமாட்டேன் என்றார். அந்தப் பக்கம் என்ன காரணம் என்று கேட்டிருக்க வேண்டும்.

"வீட்ல துக்கம்" என்றார்.