ஏரிக்குள் வைத்த படகு

பனிக்காலம் வருமுன் படகில் கல் நிரப்பி ஏரிக்குள் அமிழ்த்திவிடுவது அமெரிக்கப் பூர்வகுடிகளான எங்கள் நிப்மக் மக்களின் வழக்கம். கரையில் கிடந்தால் மரம் வெடித்துவிடும். என் தம்பி வெண்டல் ஒரு கோடை முழுக்க அடிமரத்தில் நெருப்பு வைத்து, சுரண்டிச் சுரண்டிக் குடைந்த படகையும் அப்படித்தான் அமிழ்த்தினான்.

"அடையாளத்துக்கு ஒரு கயிறாவது கட்டேண்டா" என்றேன்.

"நம்ம ஏரிதானேக்கா. சும்மா தொணதொணக்காதே" என்று சிரித்தான்.

பிப்ரவரியில் ஈரல் நோய் அவனைக் கொண்டுபோய்விட்டது. "அந்தப் படகுலதான் என்னைக் கொண்டுபோய்க் கரைக்கணும்க்கா" என்றான் கடைசியாக. பாவி, அதுவரை என்னிடம் எதையுமே கேட்டவன் இல்லை.

பனி உருகியதும் அவன் மனைவி கொரின்னாவும் நானும் அவன் சாம்பலை மண்சட்டியில் எடுத்துக்கொண்டு போனோம். கரையில் புதிதாக ஒரு வேலிக்கதவு. 'நிப்மக் கரை. குடியிருப்போருக்கு மட்டும்' என்று பலகை. இந்த மாசசூசெட்ஸில் சாலைக்கு எங்கள் பேர், ஏரிக்கு எங்கள் பேர். நிலத்துக்குத்தான் வேறு சொந்தக்காரன்!

செடி நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் வந்து திறந்தாள். நல்லவள்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"படகா? பாசி குளிர்ல சாகட்டும்னு டிசம்பர்ல ஏரித் தண்ணிய வடிச்சு இறக்குனோம். உள்ளெல்லாம் கருகி ஒரு பழைய கட்டை கெடந்துச்சு. அறுத்துப் புத்தாண்டுக்குக் கொளுத்திட்டோம்ங்க. கல்லு வீணாப் போகல, இந்தா பாருங்க."

பலகைக்கு அடியில், பூச்செடிகளைச் சுற்றி வெண்டல் பொறுக்கிய கற்கள் இருந்தன. அப்படியானால் அவன் என்னிடம் கேட்டபோதே படகு இல்லை.

"எங்க பேரு மட்டும் இனிக்குதா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "யாரும் சொல்லலையே..."

எங்கள் ஏரியில் எங்கள் படகு இருக்கிறதென்று யாரிடம் போய்ச் சொல்வது?

"எங்க கொளுத்துனீங்க?" என்று மட்டும் கேட்டாள் கொரின்னா. அந்தப் பெண் கரையோரக் குழியைக் காட்டினாள். அதில் கரித்துண்டுகள் மிச்சமிருந்தன. கொரின்னா மண்டியிட்டு அவற்றை அள்ளிச் சட்டியில் போட்டு, கையாலேயே சாம்பலோடு கலந்தாள்.

"என்னடி பண்றே?"

"படகுலதானே அக்கா போகணும்னாரு."

இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். குளிர் எலும்பைக் குடைந்தது. சட்டியைக் கவிழ்த்ததும் சாம்பல் ஒட்டிய கரித்துண்டுகள் மிதந்து நடு ஏரியைப் பார்த்துப் போயின. 'போய்ட்டு வாடா' என்பது வாய்வரை வந்தது. சொல்ல முடியாமல் ஓவென்று அழுதேன்.